நாவல் தெருவில் சைக்கிளுக்குத் தடை

அல்லிக்குளத்துக் காட்டில் கோரையன் என்றொரு காட்டுப்பன்றி இருந்தது. அங்கே ஜீப் வைத்திருந்த மிருகங்கள் ஒன்றிரண்டுதான். அவற்றில் கோரையனின் ஜீப்தான் பெரியது. சத்தமும் அதற்குத்தான் அதிகம்.

குளக்கரையை ஒட்டி நாவல் தெரு போனது. குறுகலான தெரு. ஒரு பக்கம் குளம், மறுபக்கம் வளைகளும் பொந்துகளுமாக வீடுகள். நாவல் மரங்கள் மேலே கிளை கோத்து நிழல் விரித்திருந்தன. சந்தைக்குப் போகவும், கொக்கு வைத்தியர் வீட்டுக்குப் போகவும் அதை விட்டால் வேறு வழி கிடையாது. கீரி, முயல், அணில், ஆமை எல்லாம் அந்தத் தெருவில் சைக்கிளில்தான் போய்வந்தன. சைக்கிள் மணியும் மைனாக்களின் பேச்சும் தவிர அங்கே வேறு ஓசை இருக்காது.

கோரையன் வந்தால் மட்டும் அந்த அமைதி கலையும்.

"பாம்! பாம்! ஓரம் போ! ஓரம் போ!"

முயல் சைக்கிளைச் சடாரென்று புல்லில் இறக்கும். அணில் மரத்தோடு ஒட்டிக்கொள்ளும். ஆமைதான் பாவம். அது ஒதுங்கி முடிப்பதற்குள் கோரையனின் பொறுமை போய்விடும்.

"வரி கட்டுவதில்லை! லைசென்ஸ் கிடையாது! தெரு மட்டும் வேண்டுமாக்கும்!" என்று உறுமிக்கொண்டே போகும். ஒரு சைக்கிளுக்குப் பின்னால் சற்று நேரம் நின்றாலும் தன் மரியாதையே குறைந்துவிட்டதுபோல் அதற்குத் தோன்றும்.

இதை நரி கவனித்துவந்தது. நரியின் கொட்டகை நிறையப் பழைய கார்கள் கிடந்தன. வாடகைக்கு எடுக்க ஆளில்லாமல் அவை துருப்பிடித்துக்கொண்டிருந்தன.

"கோரையண்ணே! உங்களைப் போன்ற பெரியவர் இந்தப் பொடிப்பயல்களுக்குப் பின்னால் ஊர்ந்து போகலாமா?" என்று ஒருநாள் மெல்லக் கேட்டது நரி.

"என்ன செய்வது? தெரு பொதுவாயிற்றே!"

"பொதுவை நம்முடையதாக்க ஒரு நல்ல சாக்கு போதும், அண்ணே! பொறுத்திருங்கள்!"

சாக்கு சீக்கிரமே கிடைத்தது. குரங்கு ஒருநாள் இரண்டு கைகளையும் விட்டுவிட்டு, கொய்யாப்பழம் கடித்தபடி சைக்கிளில் பறந்து வந்தது. எதிரே வாத்து தயிர்ப்பானையோடு வந்துகொண்டிருந்தது. டமார்! பானை உடைந்தது. வாத்துக்கு இறக்கையில் நல்ல சிராய்ப்பு.

காட்டின் தலைவரான கரடி உடனே கூட்டம் கூட்டியது. கோரையன் முதல் ஆளாக எழுந்தது.

"பார்த்தீர்களா! இந்தச் சைக்கிள்காரர்கள் எல்லாரும் இப்படித்தான்! ஒழுங்கும் கிடையாது, பயமும் கிடையாது! நாவல் தெருவில் இனிமேல் சைக்கிளே கூடாது!"

கீரி எழுந்து நின்றது. "கோரையண்ணே, ஒரு கேள்வி. சென்ற மாதம் நரியின் வேன் என் தக்காளிப் பாத்தியில் ஏறியது. அப்போது, 'கார்க்காரர்கள் எல்லாரும் இப்படித்தான்' என்று யாராவது சொன்னீர்களா?"

"அது நரியின் அவசரம்! அதற்கு நாங்கள் என்ன செய்வோம்?"

"நரி செய்தால் அது நரி செய்தது. குரங்கு செய்தால் மட்டும் சைக்கிள் செய்ததா?"

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. கோரையனுக்கு முகம் சிவந்தது. பதில் இல்லாதபோதுதான் அதற்குக் குரல் பெரிதாகும்.

"அடிபட்டது ஒரு வாத்து! இறக்கையைப் பாருங்கள்! இன்னும் வியாக்கியானம் பேசுகிறாயா?" என்று கத்தியது.

வாத்தின் கட்டுப்போட்ட இறக்கையைப் பார்த்ததும் சிரித்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். கரடி காதைச் சொறிந்தது. அதற்குச் சத்தமென்றால் தலைவலி. "சரி, சரி! நாளை முதல் நாவல் தெருவில் சைக்கிளுக்குத் தடை!" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு எழுந்துபோனது.

முயலுக்குக் கண் கலங்கியது. "கீரியக்கா, நாம் சந்தைக்கு எப்படிப் போவது? மூட்டையைத் தலையில் சுமந்தா?"

அப்போதுதான் நரி பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி அருகே வந்தது. "எதற்குக் கவலை? என் கொட்டகைக்கு வாருங்கள்! ஆளுக்கொரு கார்! குறைந்த வாடகை!"

வேறு வழி தெரியாமல் எல்லாம் நரியின் பின்னால் போயின. கீரியும் போனது. தன் சைக்கிளை மட்டும் துடைத்து வீட்டுச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுப் போனது.

மறுநாள் காலை கோரையன் உற்சாகமாக ஜீப்பைக் கிளப்பியது. "இனி தெரு என்னுடையது!" என்று பாடிக்கொண்டே வீட்டு முனையில் திரும்பியது. திரும்பியதும் பிரேக்கை ஓங்கி மிதித்தது.

முன்னால் ஒரு கார். அதற்கு முன்னால் இன்னொரு கார். கண்ணுக்கு எட்டியவரை கார்கள்! எதிரிலிருந்தும் கார்கள்! நடுவில் ஒன்றுக்கொன்று மூக்கை உரசிக்கொண்டு நின்றன. ஒரு பெரிய காரில் யாருமே இல்லாததுபோல் தெரிந்தது. உற்றுப் பார்த்தால், அணில் இருக்கையின் மேல் எழும்பி நின்று, ஸ்டியரிங்கைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தது. ஆமையின் கார் ஒரு நாவல் மரத்தில் முட்டி நின்றது.

"வேகம் இப்படித்தான் இருக்குமென்று எனக்கு யாரும் சொல்லவில்லையே!" என்று நடுங்கிக்கொண்டிருந்தது ஆமை.

கோரையன் ஹாரனை அழுத்தியது. "பாம்! பாம்! ஓரம் போ!"

பதிலுக்கு எல்லாக் கார்களும் ஹாரன் அடித்தன. மைனாக்கள் கூட்டமாகக் கிளம்பி அக்கரைக்குப் பறந்துவிட்டன. புகை மரநிழலில் தேங்கி நின்றது.

முயல் காரிலிருந்து தலையை நீட்டியது. "எங்கே போவது, அண்ணே? சைக்கிளாக இருந்தால் புல்லில் இறக்குவேன். இந்தக் காரை இறக்கினால் குளத்தில்தான் நிற்கும்!"

நேற்றுவரை எத்தனை பேர் தனக்காகப் புல்லில் இறங்கி நின்றார்கள் என்று கோரையனுக்கு அப்போதுதான் உறைத்தது.

அந்த நேரம் பார்த்துப் பின்னாலிருந்து ஓர் அலறல் கேட்டது. கோரையனின் மனைவி கடைக்குட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தது.

"ஐயோ! பிள்ளை தேனீக் கூட்டில் மூக்கை நுழைத்துவிட்டான்! உடம்பெல்லாம் கொட்டியிருக்கிறது!"

குட்டியின் முகம் பூசணிக்காய் போல் வீங்கியிருந்தது. கண் திறக்கவில்லை. மூச்சு இழுத்து இழுத்து வந்தது. கொக்கு வைத்தியர் வீடு தெருவின் மறுகோடியில்!

"வழி விடுங்கள்! என் பிள்ளை! வழி விடுங்கள்!" என்று கதறியது கோரையன்.

எல்லாரும் வழி விடத்தான் பார்த்தார்கள். முயல் பின்னால் எடுத்தது. பின்னால் நின்ற கார் இடித்தது. அணில் முன்னால் எடுத்தது, முன்னால் இடமில்லை. ஒரு முழம் வழிகூடப் பிறக்கவில்லை. கோரையன் குட்டியை வாங்கிக்கொண்டு ஓடப் பார்த்தது. இரண்டு கார்களுக்கு நடுவே அதன் பருத்த உடம்பு சிக்கிக்கொண்டது. பலமாக இழுத்து வெளியே வந்தது. மூச்சு வாங்கியது. கால்கள் தள்ளாடின. ஜீப்பில் உட்கார்ந்தே பழகிய கால்கள் அவை.

"கிணிங்! கிணிங்!"

கோரையன் திரும்பியது. கீரி காரை அப்படியே விட்டுவிட்டு, வீட்டிலிருந்து சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து நின்றது.

"குட்டியைக் கூடையில் வையுங்கள், அண்ணே!"

"தடை... தடை போட்டிருக்கிறதே..." என்று கோரையன் தடுமாறியது.

"அபராதத்தைச் சாயங்காலம் போடுங்கள்! பிள்ளையை இப்போது கொடுங்கள்!"

கோரையன் கொடுத்தது. கீரி மிதித்தது. கார்களின் இடுக்கில் நுழைந்து, புல்லில் இறங்கி, மரத்தைச் சுற்றி மறுபடி தெருவில் ஏறியது. கோரையன் நடுத்தெருவில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தது. சைக்கிள் சின்னதாகி, வளைவில் மறையும் வரை அது கண்ணை இமைக்கவில்லை. அந்தச் சைக்கிள் இன்னும் கொஞ்சம் வேகமாகப் போகாதா என்று அதன் மனம் அடித்துக்கொண்டது.

கொக்கு வைத்தியர் கொடுக்குகளை ஒவ்வொன்றாக அலகால் பிடுங்கி, மருந்து கொடுத்தார். "இன்னும் சற்றுத் தாமதமாகியிருந்தால் என் கையில் ஒன்றும் இருந்திருக்காது," என்றார். கோரையன் வந்து சேர்ந்தபோது குட்டி ஒரு கண்ணைத் திறந்து, "அப்பா, பசிக்குது!" என்றது. கோரையன் தரையில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதது.

மறுநாள் கரடி மறுபடியும் கூட்டம் போட்டது. இந்த முறை நரி முந்திக்கொண்டது.

"தெருதான் குறுகல்! அதனால்தான் இத்தனை வம்பு! நாவல் மரங்களை வெட்டுவோம்! குளத்தில் பாதியைத் தூர்ப்போம்! அப்புறம் எத்தனை கார் வேண்டுமானாலும் போகலாம்!"

"வேண்டாம்!" என்றது கோரையன். அதன் குரல் வழக்கம்போல் பெரிதாக இல்லை. "தெரு சரியாகத்தான் இருந்தது. நான்தான் சரியாக இல்லை. தடையை எடுத்துவிடுங்கள், தலைவரே!"

வாத்து எழுந்தது. "என் பானைக்கு என்ன பதில்?"

"அதை உடைத்தது நான்தான்," என்றது குரங்கு, தலையைக் குனிந்துகொண்டு. தடை நீங்கியது என்றும், இறக்கை ஆறும்வரை வாத்தின் தயிர்ப்பானையைக் குரங்கே சுமக்க வேண்டும் என்றும் கரடி தீர்ப்புச் சொன்னது. யாருக்கும் அதில் குறை தெரியவில்லை. நரி மட்டும் தன் கார்களையெல்லாம் கொட்டகைக்குத் தள்ளிக்கொண்டு போனது.

சில நாட்கள் சென்றன. ஒரு காலை கோரையன் நாவல் தெருவில் ஜீப்பை மெல்ல உருட்டிக்கொண்டு போனது. முன்னால் ஆமையின் சைக்கிள் போய்க்கொண்டிருந்தது. கோரையன் ஹாரனைத் தொடவில்லை. பின்னால் நரியின் வேன் வந்து நின்றது.

"பாம்! பாம்! என்னண்ணே, ஏன் இப்படி ஊர்கிறீர்கள்? முன்னால் என்ன, வெறும் சைக்கிள்தானே!"

கோரையன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டித் திரும்பிப் பார்த்தது.

"சைக்கிள் இல்லை, நரியே! ஆமையார் போகிறார்!"

வண்டியை மட்டும் பார்ப்பவனுக்குத் தெருவெல்லாம் இடைஞ்சல். வண்டியில் போகிறவரைப் பார்ப்பவனுக்கே வழி பிறக்கும்.