விற்பனைப் பட்டியலில் ஐந்தாவது ஆள்

சங்குத்துறை கால்பந்து கிளப்பின் தலைவர் தொம்மை ராஜையாவுக்குத் திடீரென்று இளரத்தத்தின் மேல் ஆசை வந்தது.

“முப்பது வயசைத் தாண்டின ஒருத்தர் விடாம எழுதி, பக்கத்து ஊர் கிளப்புக்கு வித்துடு!” என்று, ஜெர்சி துவைப்பதோடு கிளப்பின் கடிதங்களையும் எழுதும் பனிமேரியிடம் சொன்னார். கோல்கீப்பரும் போய்விட்டால் பொடியன்களை யார் வழிநடத்துவது என்று அவளுக்குக் கவலை. ஆனாலும் எழுதி அனுப்பினாள்.

மறுநாள் பட்டியலோடு திரும்பி வந்த பதிலைத் தலைவர் எல்லோர் முன்னாலும் சத்தமாக வாசித்தார்.

“நாலு ஆட்டக்காரர்களையும் கேட்ட விலைக்கு எடுத்துக்கொள்கிறோம். ஐந்தாவது ஆள், அறுபத்திரண்டு வயது ராஜையா, இலவசமாகத் தந்தாலும் வேண்டாம்.”

மைதானமே சிரித்தது.

“என் பேரை ஏன் எழுதினே?”

“ஒருத்தர் விடாமன்னு சொன்னீங்களே, முதலாளி!”

“அனுபவசாலியை எவனாவது விப்பானா?” என்று கத்தினார் தலைவர்.

“அதைத்தான் இந்த நாலு பேரும் கேட்கிறாங்க” என்றாள் பனிமேரி.

தலைவர் பட்டியலைக் கிழித்தார்.