புற்றுக்குள் வந்த மந்திரி

அந்தக் காலத்தில் விலங்குகள் பேசின. பேசியதோடு விட்டனவா? சபை கூட்டின, மந்திரி வைத்தன, ஒன்றை ஒன்று குறை சொல்லிக்கொண்டன. அப்போது பாம்புக்கு வீடு கிடையாது. வெயிலோ மழையோ, வெட்டவெளியில் சுருண்டு கிடக்கும். ஆனால் படமெடுத்து நிமிர்ந்தால் காடே வாயைப் பிளக்கும். அந்த நிமிர்வுக்காகவே நாகரத்தினம் என்ற நாகத்தைக் கட்டட மந்திரி ஆக்கியிருந்தார்கள்.

மந்திரி உத்தரவு போடுவார், சரி. கட்டுவது யார்? கரையான்கள். அவற்றுக்குக் கண் தெரியாது, வெயில் ஆகாது, சபைப் பக்கமே அவை தலைகாட்டா. மந்திரிகள் வருவார்கள், போவார்கள். கரையான்கள் மண்ணுக்குள் இருந்தபடி கட்டிக்கொண்டே இருக்கும். அவற்றுக்குத் தலைவி மண்ணம்மாள். எந்த மண் எவ்வளவு தாங்கும் என்று அவளைத்தான் கேட்க வேண்டும்.

மழைக்காலம் நெருங்கியது. வெள்ளம் வந்தால் முயலும் உடும்பும் அணிலும் ஏறி நிற்க ஒரு மேடு வேண்டும் என்று சபையில் பேச்சு எழுந்தது. எதிர்வரிசையில் இருந்த கீரிப்பிள்ளை சும்மா இருக்குமா?

"இந்த மந்திரியால ஒரு எலிவளைகூட வெட்ட முடியாது!" என்றது.

நாகரத்தினத்துக்குச் சுருக்கென்று தைத்தது. படத்தை விரித்தார். "எலிவளையா? பனைமர உசரத்துக்குப் புற்று எழுப்பிக் காட்டுறேன், பாருங்க!"

அடடா, எழுந்ததே ஒரு ஆரவாரம்! யானை பிளிறியது. குரங்குகள் கிளைக்குக் கிளை தாவின. மந்திரிக்குத் தலைகால் புரியவில்லை. அந்தச் சந்தோஷத்தோடு நேரே கரையான்களிடம் ஊர்ந்து போனார். விஷயத்தைக் கேட்டதும் மண்ணம்மாள் வாயில் வைத்திருந்த மண் உருண்டையைக் கீழே போட்டாள்.

"ஐயா, இது ஆத்தோர மண்ணு. அவ்வளவு உசரம் தாங்காதுங்க. பாதி போதும். அதுக்கு மேல கட்டினா மழையில சரிஞ்சிடும்."

"என்னம்மா நீங்க, சபையிலயே சொல்லிட்டேன்! எல்லாரும் கைதட்டிட்டாங்க!"

"கைதட்டல் மண்ணைப் பிடிச்சு நிறுத்தாதுங்களே."

நல்ல வார்த்தைதான். ஆனால் மந்திரி காதில் ஏறவில்லை. பாம்புக்குக் காது ஏது? "மந்திரி நானா, நீங்களா? கட்டுங்க!" என்று சீறினார்.

"சரிங்க. சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டேன். முடிவு உங்களோடது. இனி எங்க வேலையில குறை இருக்காது," என்றாள் மண்ணம்மாள்.

குறை வைக்கவும் இல்லை. மண்ணை எச்சிலில் குழைத்துக் குழைத்து எழுப்பினார்கள். புற்று புதரைத் தாண்டியது, மரத்தைத் தாண்டியது, பனையைத் தொட்டது! காடே திரண்டு வந்து அண்ணாந்து பார்த்தது. மந்திரி நடையே மாறிவிட்டது.

பிறகு மழை வந்தது. வெள்ளம் ஏற ஏற, குஞ்சு குளுவானோடு எல்லோரும் புற்றின் மேல் ஏறினார்கள். வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. திடீரென்று ஒரு சத்தம். மேல்பாதி அப்படியே சரிந்தது! முயலுக்குக் கால் ஒடிந்தது. மண்ணில் புதைந்த உடும்புக் குட்டிகளை யானை தோண்டி எடுத்ததால் உயிர் பிழைத்தன. கீழ்ப்பாதி மட்டும் அசையாமல் நின்றது. வெள்ளம் வடியும்வரை எல்லோரையும் அதுதான் தாங்கியது, மழை மட்டும் விடவில்லை.

"யார் கட்டினது இதை?" என்று கீரிப்பிள்ளை கத்தியது.

"கரையான்தானே! என்கிட்ட விடுங்க, தண்டனையை நானே நிறைவேத்துறேன்," என்றது கரடி. அதன் வாயில் எச்சில் ஒழுகியது. கரடிக்கு நியாயத்தின் மேல் அவ்வளவு ஆசை வந்ததை அதுவரை யாரும் பார்த்ததில்லை. நகத்தை நீட்டிக்கொண்டு புற்றை நெருங்கியது.

எல்லாக் கண்களும் மந்திரியைப் பார்த்தன. 'ஆமாம், அவங்கதான்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பதவி தப்பும். கரையான் கூட்டம் பூண்டோடு அழியும்.

நாகரத்தினம் உடைந்த புற்றுக்குள் எட்டிப் பார்த்தார். உள்ளே யாரும் அழவில்லை, ஓடவில்லை. வரிசை வரிசையாக மண் சுமந்து ஓட்டையை அடைத்துக்கொண்டிருந்தார்கள். "சீக்கிரம், குஞ்சுங்க நனையுது!" என்று மண்ணம்மாள் குரல் கேட்டது. 'அன்னைக்கே சொன்னேனே' என்று அவள் வெளியே வந்து ஒரு சத்தம் போட்டிருக்கலாம். போடவில்லை.

மந்திரி நாக்கை நீட்டினார். 'அவங்க' என்று ஒரு பக்கம் இழுத்தது, 'நான்' என்று இன்னொரு பக்கம் இழுத்தது. இழுத்த இழுப்பில் நாக்கே இரண்டாகப் பிளந்துவிட்டது! அந்த வலியோடு பாய்ந்துபோய், கரடிக்கும் புற்று வாய்க்கும் நடுவில் படத்தை விரித்து நின்றார்.

"நில்லு! தாங்காதுன்னு அந்தம்மா அப்பவே சொன்னாங்க. கட்டச் சொன்னது நான். கேக்கிறதை என்கிட்ட கேளு, அடிக்கிறதை என்னை அடி!"

அடித்தார்கள். கரடி அறைந்தது, கீரிப்பிள்ளை கடித்துக் குதறியது. பதவியும் அங்கேயே போயிற்று. ஆனால் அவர் படத்தை மட்டும் தாழ்த்தவில்லை. கடைசியில் கூட்டம்தான் சலித்துக் கலைந்தது. நாகரத்தினம் அப்படியே மழையில் சுருண்டு விழுந்தார்.

"ஐயா, உள்ள வாங்க," என்று உள்ளிருந்து குரல் வந்தது.

"நான் இப்ப மந்திரி இல்லையேம்மா."

"மந்திரியா நாளைக்கு வேற யாராச்சும் வருவாங்க. எங்க வாசல்ல நிக்கிறதுக்கு நீங்கதான் வேணும்."

கரையான் கட்டிய வீட்டைப் பாம்பு பறித்துக்கொண்டது என்று ஊரில் வாய் கூசாமல் பேசுகிறார்கள். பேசட்டும், அவர்களுக்கு என்ன தெரியும்? அன்று முதல்தான், எந்தப் புற்றில் யார் கோலை விட்டுக் குடைந்தாலும் பாம்பு முதலில் தலையை நீட்டுகிறது.