செம்பியைக் கழுவிய கை

திருவேங்கடத்துக்குப் பிசுக்கு என்றாலே ஆகாது. குடும்பத்தைத் துறந்து ஏரிக்கரை மடத்துக்கு வந்ததிலிருந்து தலையில் எண்ணெய் வைப்பதில்லை, சோற்றில் நெய் விடுவதில்லை. விளக்குத் திரியைத் தொட்டால்கூடச் சாம்பல் போட்டுக் கையைத் தேய்ப்பார். சும்மா சொல்லக் கூடாது, மடத்துப் பாத்திரமெல்லாம் அவர் கைபட்டுப் பளபளத்தது. மனசுதான் பளபளக்கவில்லை.

போன மாதம் அவருடைய மகள் பொற்கொடி அவரைத் தேடி வந்தாள். காலையிலிருந்து பொழுது சாயும்வரை மடத்து வாசலில் உட்கார்ந்திருந்தாள். ‘உறவை அறுத்தாச்சு’ என்று சொல்லியனுப்பிவிட்டு மனுஷர் உள்ளேயே இருந்துகொண்டார். அவள் போய்விட்டாள். அவள் முகம் மட்டும் போக மாட்டேன் என்றது.

மடத்துக் குரு ஞானாம்பிகை அம்மையார். திருவேங்கடத்தைவிட வயதில் சின்னவர். ஆனாலும் இவர் கைகட்டித்தான் நிற்பார்.

“அம்மா, எல்லாத்தையும் கழுவிட்டேன். கடைசியா ஒரு பிசுக்கு ஒட்டிக்கிட்டு விடமாட்டேங்குது. அதை எப்படிக் கழுவுறது?”

அம்மையார் ஆய்ந்த கீரையை முறத்தோடு நகர்த்தி வைத்தார். “ஊருக்குள்ள போயிட்டு வரேன். செம்பியைக் கொஞ்சம் பார்த்துக்குங்க” என்று கிளம்பிவிட்டார்.

செம்பி மடத்து வாத்து. நாய் கடித்துக் கிடந்ததை அம்மையார் மருந்து போட்டுத் தேற்றியிருந்தார். திருவேங்கடம் அதைத் தூக்கினார். உள்ளங்கையில் வழவழவென்று ஏதோ ஒட்டியது. பார்த்தால், அது வாலடியில் கசியும் எண்ணெயை அலகால் அழுத்தி எடுத்து, இறகு இறகாகப் பூசிக்கொண்டிருந்தது.

“சீச்சீ! உனக்கும் இந்தப் பிசுக்கா?”

வெந்நீர் வைத்தார். சீயக்காய் கரைத்தார். வாத்து கத்தக் கத்த, ஓர் இறகு விடாமல் தேய்த்து அலசினார். மனசுக்கு நிறைவாக இருந்தது. பிறகு ஏரிக்கரையில் இறக்கிவிட்டார்.

செம்பி ஆசையாக நீந்திப் போனது. கொஞ்ச தூரம்தான். இறகெல்லாம் நனைந்த துணியாகிக் கனத்தது. முதுகு முழுகியது. கழுத்து மட்டும் மேலே தெரிந்தது. ஐயோ, வாத்து தண்ணீரில் முழுகுமா! திருவேங்கடம் வேட்டியோடு பாய்ந்து அதை அள்ளிக்கொண்டு வந்தார்.

அம்மையார் திரும்பியபோது அவர் அடுப்பங்கரையில் இருந்தார். மடியில் வாத்து வெடவெடவென்று நடுங்கியது.

“கழுவினேன் அம்மா.”

அம்மையார் இறகைத் தொட்டுப் பார்த்தார். முகம் வாடிவிட்டது. “சுத்தமாத்தான் கழுவியிருக்கீங்க” என்றார்.

“நல்லெண்ணெய் தடவி விடட்டுமா?”

“வேண்டாம். தண்ணி ஒட்டாம காக்குற எண்ணெய் அதோட வாலடியிலதான் ஊறணும். அதுவா எடுத்துப் பூசிக்கணும்.”

“எவ்வளவு நாளாகும்?”

“கழுவினவர் அதைக் கேக்கக் கூடாது. காத்திருக்கணும்.”

திருவேங்கடம் தலைகுனிந்தார். “அதுவரைக்கும் உயிர் நிக்குமா?”

“தோலுக்கடியில கொழுப்பு இருக்கு. இப்ப அதை எரிச்சுத்தான் சூடு தேடிக்குது. நல்லவேளை, அங்க உங்க கை எட்டலை.”

அடுப்பில் விறகு சரிந்தது. வாத்து அவர் வயிற்றோடு ஒண்டிக்கொண்டது. மனுஷரால் அதற்குமேல் அடக்க முடியவில்லை, விசும்பினார்.

“பொற்கொடி இப்படித்தான் வந்தா அம்மா. ஒரு வாய் தண்ணிகூடக் கொடுக்காம அனுப்பிட்டேனே. பாவி நான்.”

அம்மையார் வாத்தின் மேல் ஒரு துணியைப் போர்த்தினார்.

“இது தேறினதும் அவ வீட்டுக்குப் போகட்டுமா?”

“போங்க.”

“கதவைத் திறக்கலைன்னா?”

“வாசல்ல உட்காருங்க. அவ உட்காரலையா?”