அரைப்பேர்

“முதலில் எங்கள் பாட்டனைக் கடல் தாண்டிக் கூட்டிவந்தார்கள். பிறகு லயத்துக் காம்பறா என்ற ஒற்றை அறையில் பத்துப் பேரை அடைத்தார்கள். பிறகு வோட்டைப் பறித்தார்கள். பிறகு அண்ணனைக் கப்பலேற்றிவிட்டுத் தம்பியை இங்கே நிறுத்தினார்கள். கடைசியாக என் சம்சாரத்துக்கு அரைப்பேர் போட்டார்கள். சாமியம்மா, இதில் எதை நான் மறக்க வேண்டும்?”

கேட்டவர் சடையன். தேயிலைத் தோட்டத்தில் வேலைநிறுத்தம் நடத்தியே நரைத்தவர்.

மலையுச்சிப் பொட்டலில் தனியாக இருந்த அந்தத் துறவி அவரைவிட மிகவும் இளையவள்.

“மறக்கச் சொன்னது யாரு?”

“எல்லாரும்.”

“நான் சொல்லல. அரைப்பேருன்னா என்னா?”

“கொழுந்து எடை சேர்ந்தா அன்னைக்கு முழுப்பேர். சேரலேன்னா அரைப்பேர், அரைநாள் கூலி. அவ மலையில விழுந்து செத்தது மத்தியானம். அந்தக் கூடையையும் நிறுத்தான் கணக்கப்பிள்ளை. எடை பத்தலையாம். பிணத்துக்கு அரைப்பேர்!”

அவள் எழுந்து நடந்தாள். சடையன் பின்னால் போனார்.

பாறை இடுக்கில் ஒரு நீலப் பூ. கட்டைவிரல் உயரம்கூட இல்லை.

“இது என்னா தலைவரே?”

“இந்தத் தீவை விட்டா வேற எங்கயும் முளைக்காதாம். பார்க்கிறதுக்கு வெள்ளைக்காரன் வாறான். இதை மிதிச்சா அபராதம். எங்களை மிதிச்சா ஒண்ணுமில்ல.”

“மேடையில சொன்னா நல்லா கைதட்டு விழும்.”

“விழுந்துச்சு” என்றார் சடையன்.

அவள் சிரித்தாள். “குனிஞ்சு பாருங்க.”

அவர் குந்தினார். “பாவம். பனி கருக்கிருச்சு. பாதியிலேயே நின்னுபோச்சு.”

அவள் பக்கத்தில் காய்ந்திருந்த இன்னொன்றை நகத்தால் கிள்ளினாள். அவர் உள்ளங்கையில் கறுப்பாக விதைகள் உதிர்ந்தன.

சடையன் விதைகளை விரலால் நகர்த்திப் பார்த்தார்.

“அப்போ, இதோட உசரமே இம்புட்டுத்தானா?”

“பாதின்னு சொன்னது யாரு?”

காற்று அடித்தது.

“நான்தான்.”

“உங்க சம்சாரத்தைப் பத்தி மேடையில என்னா சொல்லுவீங்க?”

“‘அரைப்பேர் போடப்பட்ட பெண்’னு சொல்லுவேன். நோட்டீசிலயும் அப்படித்தான் அடிச்சோம்.”

“எல்லா நோட்டீசிலயுமா?”

“எல்லாத்திலயும்.”

“அவங்க பேரு?”

சடையன் வாய் திறந்தார். வீட்டில் சம்சாரத்தை ‘ஏ புள்ள’ என்றே கூப்பிட்டவர். அழுகைதான் வந்தது.

துறவி அவரை அழவிட்டாள்.

பிறகு சொன்னாள்: “இங்க சொல்லாதீங்க. இங்க கேட்கிறதுக்கு ஆளில்ல.”

மறுநாள் காலை, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் பெண்கள் கூடையோடு நின்றார்கள். கணக்கப்பிள்ளை பேர்களை வாசித்து முடித்தார்.

சடையன் முன்னால் வந்தார்.

“என்னா தலைவரே, இன்னைக்கும் கூட்டமா?”

“இல்ல. ஒரு பேர் விட்டுப்போச்சு.”

பெண்கள் முக்காட்டை விலக்கி நிமிர்ந்தார்கள்.

மேடைக்குரல் எழவில்லை. மலையில் ஆள் கூப்பிடும் குரலில் வாசித்தார்:

“பிச்சாயி மகள் வீராயி. முழுப்பேர்.”