ஏசி ரிப்பேருக்கு வந்த இசக்கி

தென்காசி இசக்கி குவைத் போகப்போகிறாள் என்றதும் ஊரே கூடி, "தையல் படி, சமையல் படி" என்றது. அவளோ அங்கே வீட்டுவேலை பார்க்கும் அக்காவிடம் போனில் துருவித் துருவி விசாரித்துவிட்டு, ஏசி மெக்கானிக் படிப்பில் போய்ச் சேர்ந்தாள்.

மதுரைக்கு ஆள் எடுக்க வந்த குவைத் கம்பெனி மேனேஜர் ஆல்பர்ட், ஹால் நிறைய ஆண்களுக்கு நடுவே அவளைப் பார்த்ததும் சிரித்தார்.

"ஏம்மா, அங்க என்கிட்ட முந்நூறு மெக்கானிக் இருக்கான். அவங்கள்ல ஒருத்தனாலயும் முடியாத வேலை ஒண்ணு சொல்லு, இப்பவே விசா தர்றேன்!"

ஹாலே சிரித்தது. இசக்கிக்கு உற்சாகம் பொங்கியது. இந்தக் கேள்விக்காகத்தானே அவள் படித்ததே!

"சார், நீங்க ஆபீஸ்ல இருக்கப்ப வீட்ல ஏசி நின்னுபோச்சுன்னா?"

"நான் வீட்டுக்குப் போனப்புறம்தான் மெக்கானிக் உள்ள வரணும். பொம்பளைங்க தனியா இருக்கப்ப எவனையும் விடமாட்டேன். என் கஸ்டமர் வீடுகள்லயும் அதே சட்டம்தான்!" என்றார் மிடுக்காக.

"சரிதான் சார். இப்ப நீங்க மதுரையில இருக்கீங்க. இன்னைக்கு நின்னுபோச்சுன்னா, அந்த முந்நூறு பேர்ல யாரை அனுப்புவீங்க?"

ஆல்பர்ட் தன் போனை எடுத்துப் பார்த்தார்.

"நான் போனா கதவு உடனே திறக்கும் சார்!"

அவர் மெல்லக் கையை நீட்டினார்.

"பாஸ்போர்ட்டைக் குடும்மா. அங்க என் வீட்ல ஏசி நின்னு மூணு நாளாச்சு. நேத்துலேர்ந்து என் பொண்டாட்டி என் போனையே எடுக்கல."