கால் வைக்கும் தகடு

பாளையங்கோட்டையில் ஒரு ஆஸ்பத்திரி. அங்கே சக்கர நாற்காலி தள்ளுகிறவர்களுக்கெல்லாம் குரு ஜெபக்கனி. காவியும் கிடையாது, தாடியும் கிடையாது. நீலச் சேலை, கழுத்தில் அடையாள அட்டை, வயது நாற்பத்தொன்று. புதிதாக யார் வந்தாலும் ஒரு மாதம் அவளிடம் வேலை பழக வேண்டும். மாதக் கடைசியில் அவள் ஆபீசுக்குப் போன் போட்டு 'சரி' என்று ஒரு வார்த்தை சொன்னால் வேலை நிலைக்கும். சொல்லாவிட்டால் நீலச் சட்டையைத் துவைத்து மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டைப் பார்க்கப் போக வேண்டியதுதான்.

அவளிடம் ஐம்பத்தேழு வயதில் சிஷ்யராக வந்து சேர்ந்தார் சங்கரலிங்கம்.

வந்தவர் லேசுப்பட்டவர் அல்ல. இருபத்தாறு வருஷம் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் புடவை மாடிக்கு மேற்பார்வையாளர். அவர் செருமினால் அறுபது பெண்கள் பேச்சை நிறுத்துவார்கள். கடை கை மாறியது. புது முதலாளி ஐம்பதைத் தாண்டியவர்களுக்கெல்லாம் ஒரே நாளில் மாலை போட்டு அனுப்பிவிட்டார்.

இரண்டு வருஷம் வீட்டில் உட்கார்ந்து பார்த்தார். மத்தியானம் தூங்கி எழுந்து, எதற்கு எழுந்தோம் என்று யோசிக்கிற வாழ்க்கை அவரைத் தின்றது. யார் என்ன சொன்னாலும் சரி, ஏதாவது ஒரு வேலையில் நின்று காட்டிவிடுவது என்று கிளம்பி வந்துவிட்டார். ஆனாலும் முகத்தில் மாஸ்க் போட்டுக்கொண்டுதான் வந்தார்.

"சளியா அண்ணாச்சி?" என்று கேட்டாள் ஜெபக்கனி.

"இல்லம்மா. தெரிஞ்சவங்க யாராச்சும் பாத்துட்டா..."

அவள் போய் எட்டாம் எண் நாற்காலியை இழுத்து வந்தாள்.

"உக்காருங்க."

"தள்ளதுக்குத்தானம்மா வந்திருக்கேன்?"

"உக்காருங்க அண்ணாச்சி."

உட்கார்ந்தார். அவள் எதிரே வந்து குனிந்தாள். கால் வைக்கும் தகடுகள் இரண்டையும் இறக்கி, அவர் பாதங்களை எடுத்து அவற்றின் மேல் வைத்தாள். பிறகு வராந்தாவில் அவரை வைத்து ஒரு சுற்று சுற்றினாள். மருந்து வாங்க வந்தவர்கள், பழம் கொண்டு வந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். சங்கரலிங்கத்துக்கு உடம்பெல்லாம் கூசியது. ஒருவழியாகப் புறப்பட்ட இடத்துக்கே வந்து நிறுத்தி, பிரேக் போட்டாள்.

"எந்திரிங்க," என்றாள் பின்னால் நின்றபடியே.

விட்டால் போதும் என்று அவர் தகட்டின் மேலேயே காலை ஊன்றி எழுந்தார். நாற்காலி முன்பக்கம் சாய்ந்தது. பொத்தென்று குப்புற விழுந்தார். விழுந்த பிறகுதான் தரையில் ஒரு பழைய மெத்தை விரித்திருப்பது தெரிந்தது. அவள் முன்கூட்டியே விரித்து வைத்திருந்தாள்.

"அடி பட்டுச்சா?"

"இல்ல."

"நோயாளிக்கு மெத்த விரிக்க முடியாது அண்ணாச்சி. அவங்க எந்திரிக்கதுக்கு முன்னாடி நாம எதுக்க வந்து குனியணும். கால ஒண்ணொண்ணா எடுத்துத் தரையில வைக்கணும். தகட்ட மடக்கணும். பெறகுதான் எந்திரிங்கன்னு சொல்லணும். மத்ததெல்லாம் தன்னால வந்துரும்."

அவள் உபதேசம் அவ்வளவுதான்.

சங்கரலிங்கம் விட்டேனா பார் என்று வேலை செய்தார். முழங்கால் முதல் வாரம் முனகியது, இரண்டாவது வாரம் கத்தியது, மூன்றாவது வாரம் வாயை மூடிக்கொண்டது. எந்தச் சக்கரம் எந்தப் பக்கம் இழுக்கும், லிப்ட் வாசலில் எந்த மேட்டில் நாற்காலி தூக்கிப் போடும் என்பதெல்லாம் அவருக்குப் பாடமாகிவிட்டது. மாஸ்க்கை மட்டும் கழற்றவில்லை.

ஒருநாள் டீ குடிக்கும் நேரத்தில் கேட்டார்.

"இந்தக் கூச்சம் எப்பம்மா போகும்?"

"எங்க கூசுது?"

அவர் மாஸ்க்கைத் தொட்டுக் காட்டினார். "இங்கதான். மூஞ்சில."

"ம்," என்றாள் ஜெபக்கனி. மேலேயிருந்து கூப்பிட்டார்கள். டம்ளரை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

குருமார்களிடம் இதுதான் தொல்லை. எல்லாவற்றுக்கும் பதில் சொல்வார்கள், நாம் கேட்டதற்கு மட்டும் சொல்ல மாட்டார்கள்.

நாலாவது வாரம் வெள்ளிக்கிழமை, இரண்டாம் மாடியிலிருந்து ஒரு பெண்ணை ஸ்கேன் அறைக்குக் கொண்டு போகச் சொன்னார்கள். சங்கரலிங்கம் போனபோது நர்ஸ் அவளை எட்டாம் எண் நாற்காலியில் உட்கார வைத்துத் தயாராக வைத்திருந்தாள். இரண்டு காலிலும் முழங்கால் வரை கட்டு. மடியில் ஃபைல். கைப்பிடியைப் பிடித்தபோது ஃபைலின் மேல் எழுதியிருந்த பெயர் அவர் கண்ணில் பட்டது. செண்பகவல்லி, வயது நாற்பத்து நாலு.

"மெதுவாத் தள்ளுங்கண்ணே," என்றாள் அவள், திரும்பாமலே.

அந்தக் குரலை அவருக்குத் தெரியும். பட்டுப் பிரிவில் பதினோரு வருஷம் 'வாங்கக்கா, என்ன கலர் பாக்கீங்க' என்று கேட்ட குரல்.

அந்தக் கடையின் புடவை மாடியில் பெண்கள் உட்காரக் கூடாது. காலை ஒன்பது மணிக்கு நின்றால் இரவு ஒன்பதரை வரைக்கும் நிற்க வேண்டும். அது கடைச் சட்டம். ஆனால் கிடந்த நாலு முக்காலிகளையும் தேடிப் பிடித்துச் சரக்கு வைக்கும் கிட்டங்கிக்கு அனுப்பியது சங்கரலிங்கத்தின் சொந்தச் சாமர்த்தியம். 'உக்காரணும்னு ஆச இருந்தா வீட்ல இருந்துக்கலாமே' என்பார். ஒரு தீபாவளி வாரத்தில் செண்பகவல்லி புடவைக் கட்டின் மேல் இரண்டு நிமிஷம் உட்கார்ந்தாள். அன்று முழுக்க அவளை வாசலில் நிறுத்தி, வருகிறவர்களுக்கெல்லாம் வணக்கம் சொல்ல வைத்தார். அது பெரிய நிர்வாகத் திறமை என்றே அப்போது நினைத்தார். பிறகு அவள் கால் நரம்பு சுருட்டிக்கொண்டு வேலையை விட்டுப் போனாள். அந்த இடத்துக்கு அடுத்த வாரமே வேறொரு பெண் வந்தாள். அவர் அத்தோடு மறந்துவிட்டார்.

ஸ்கேன் அறை வந்தது. நிறுத்தினார். பிரேக் போட்டார். இனி எதிரே போய்க் குனிய வேண்டும்.

மாஸ்க் மூக்கையும் வாயையும்தான் மறைக்கும். கடை மாடியில் பெண்கள் பயந்தது அவர் கண்ணுக்கு. சங்கரலிங்கத்துக்குக் கால் நகரவில்லை. பின்னால் நின்றபடியே சொன்னார்.

"எந்திரிங்க."

அவள் நம்பி எழுந்தாள். தகட்டில் பாரம் இறங்கியது. நாற்காலி சாய்ந்தது. பக்கத்து அறையிலிருந்து வந்த ஜெபக்கனி பாய்ந்து அவளைத் தோளோடு அணைத்துப் பிடித்திராவிட்டால் அவள் முகம் தரையில் போய் மோதியிருக்கும். வலது கால் கட்டில் ரத்தம் கசிந்தது. உள்ளே கூட்டிக்கொண்டு போனார்கள். யார் தள்ளியது என்று பார்க்கக்கூட அவளுக்கு நேரமிருக்கவில்லை.

மாடிப்படிக்குக் கீழே நாற்காலிகளை நிறுத்தும் இடத்தில் ஜெபக்கனி வந்து நின்றாள்.

"மறந்துட்டீங்களா?"

"மறக்கலம்மா."

"பெறகு?"

அவர் ஒன்றுவிடாமல் சொன்னார். முக்காலியைச் சொன்னார், வாசலைச் சொன்னார், வணக்கத்தைச் சொன்னார். அவள் நாற்காலிச் சக்கரத்தில் சுற்றியிருந்த நூலைப் பிரித்துக்கொண்டே கேட்டாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"சட்டையத் தந்துட்டுப் போயிருதேன்," என்றார்.

"தாங்க. ஆனா அதுக்கு இன்னும் மூணு நாள் கெடக்கு. அந்தம்மாவுக்குத் தையல் பிரியல. திங்கக்கிழமை வீட்டுக்குப் போறாங்க. கீழ எறக்கி ஆட்டோல ஏத்தணும். வேற ஆள அனுப்பட்டா?"

சங்கரலிங்கம் நின்றார். 'அனுப்புங்க' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வீடு இருக்கிறது. மத்தியானத் தூக்கம் இருக்கிறது. ஆனால் இந்தத் தடவை போனால் கடை அனுப்பியதாகச் சொல்ல முடியாது, தானே ஓடியதாகத்தான் இருக்கும். அதை வைத்துக்கொண்டு இனி எந்த வேலையிலும் நிற்க முடியாது என்று அவருக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

"வேண்டாம். நானே போறேன்."

ஜெபக்கனி பிரித்த நூலைச் சுருட்டிக் குப்பையில் போட்டாள்.

திங்கட்கிழமை காலை பத்து மணி. சங்கரலிங்கம் எட்டாம் எண் நாற்காலியைக் கட்டிலோரம் நிறுத்திப் பிரேக் போட்டார். நர்ஸ் செண்பகவல்லியைப் பிடித்து மெல்ல உட்கார வைத்தாள். அவர் மாஸ்க்கைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு எதிரே வந்தார்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"சார்!"

சொன்ன கையோடு நாற்காலியின் இரண்டு பிடிகளையும் இறுக்கிப் பிடித்து எழுந்திருக்கப் போனாள். கட்டுப் போட்ட காலோடு, உதட்டைக் கடித்துக்கொண்டு எழுந்தாள். அது மரியாதைகூட இல்லை. பதினோரு வருஷப் பழக்கம், உடம்பு தானாகச் செய்தது. அதைப் பார்த்ததும் சங்கரலிங்கம் இரண்டு கையையும் நீட்டித் தடுத்தார்.

"உக்காரும்மா," என்றார். "நீ எந்திரிக்கக் கூடாது. உக்காரு."

வாடிக்கையாளர்களிடம் ஆயிரம் தடவை சொன்ன வார்த்தை. கடைப் பெண் ஒருத்தியிடம் சொன்னது அதுதான் முதல் தடவை.

அவள் உட்கார்ந்தாள். அவர் அவள் காலடியில் முழங்காலை ஊன்றினார். தகடுகளை இறக்கினார். மன்னிப்புக் கேட்க நாலு வாக்கியம் நினைத்து வைத்திருந்தார்; ஆனால் முதலில் கால். இடது பாதத்தை இரண்டு கையாலும் எடுத்துத் தகட்டில் வைத்தார்.

"வலது காலப் பாத்துத் தூக்குங்க சார்," என்றாள். "அதுலதான் தையல்."

பார்த்துத் தூக்கினார்.

லிப்டில் இறங்கினார்கள். வாசல் பக்கம் திரும்பும்போது அவள் கேட்டாள்.

"இந்த வேலைக்கா வந்துட்டீங்க?"

"ஆமாம்மா."

"நாள் பூரா நிக்கணுமே?"

"நிக்கணும்."

ஆட்டோ வந்தது. பிரேக் போட்டார். எதிரே வந்து குனிந்தார். பாதங்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்தார். தகடுகளை மடக்கினார். தோளைக் கொடுத்தார்.

"இப்பம் எந்திரிம்மா."

அவள் அவர் தோளைப் பிடித்து எழுந்து ஆட்டோவில் ஏறிக்கொண்டாள். அவளுடைய பையை அவர் உள்ளே வைத்தார். வண்டி கிளம்பும்போது அவள் தலையை வெளியே நீட்டினாள். மன்னித்த முகமும் இல்லை, கோபமான முகமும் இல்லை.

"நடுநடுவுல உக்காந்துக்கிடுங்க சார்," என்றாள். "இல்லன்னா கால் போயிரும்."

ஆட்டோ போன பிறகும் சங்கரலிங்கம் வெறும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு அதைத் திருப்பி உள்ளே தள்ளி வந்தார்.

வரவேற்பு மேசையில் ஜெபக்கனி போனை எடுத்துக்கொண்டிருந்தாள். வாசலில் நடந்ததையெல்லாம் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்திருப்பாள் போல.

"ஆபீசா? ஜெபக்கனி பேசுதேன். புது ஆள் சரி." போனை வைத்தாள்.

சங்கரலிங்கத்துக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனாலும் நகராமல் நின்றார்.

"என்ன அண்ணாச்சி?"

"கூச்சம் போகலயேம்மா."

"இப்பம் எங்க இருக்கு?"

அவர் முகத்தைத் தொடப் போனார். தொடவில்லை. கையைத் திருப்பி உள்ளங்கைகளைப் பார்த்தார்.

"கையிலம்மா."

ஜெபக்கனி எட்டாம் எண் நாற்காலியை அவர் பக்கம் தள்ளிவிட்டாள்.

"அங்கனயே இருக்கட்டும். மூணாம் மாடில ஒரு தாத்தா காத்துக்கிட்டிருக்காங்க. அவங்க காலத் தூக்கும்போது கையில அது ஒங்களுக்கு வேணும்."