குங்குமம் வைத்த பேட்டரிகள்

குன்னூரில் பழைய பங்களாவை விடுதியாக மாற்றிய தர்மலிங்கத்தை, அங்கே வேலை பார்த்த நான் சாகும்வரை மன்னிக்கமாட்டேன்.

“நாங்க அடுப்படிக்கு மேல படுக்கிறவங்க மொதலாளி. தீப்பிடிச்சா கத்துற அலாரத்தை வயர் இழுத்தே வைங்க” என்றாள் கூட்டிப் பெருக்கும் செல்லக்கிளி.

“இவ்வளவு அழகான பழைய சுவரைத் துளைக்கணுமா? பேட்டரி அலாரம் போதும். விளக்குமாறு பிடிக்கிறவ எனக்கு யோசனை சொல்றியா?” என்று தர்மலிங்கம் எல்லார் முன்னாலும் கத்தினார்.

திறப்பு விழாவில் கணபதி ஹோமம். அன்று காலையிலேயே அவர் செல்லக்கிளியைக் கூப்பிட்டார். “புகைக்கு அலாரம் கத்தி மானத்தை வாங்கும். பேட்டரியெல்லாம் கழட்டு. ஆனா தீயணைப்பு அதிகாரி வந்தா எல்லாம் சரியா இருக்குன்னு நீதான் காட்டணும். இல்லேன்னா வேலை கிடையாது.”

“சரிங்க மொதலாளி.”

வீடெல்லாம் புகை மண்டியபோது அதிகாரி கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தார்.

“ஏன் ஒரு அலாரமும் அடிக்கல?”

செல்லக்கிளி வெற்றிலைத் தட்டை நீட்டினாள். அதில் குங்குமம் வைத்த பேட்டரிகள்.

“எல்லாம் சரியா இருக்குங்க ஐயா. மொதலாளி சொன்னபடி ஒண்ணுவிடாமக் கழட்டிட்டேன். பூஜை முடியிறவரைக்கும் தீயைத்தான் காத்திருக்கச் சொல்லணும்.”

அதிகாரி தர்மலிங்கத்தை முறைத்தார். “வயர் இழுக்காம உமக்கு லைசென்ஸ் கிடையாது.”

மறுநாளே துளை போட்டார்கள். முதல் துளை நாங்கள் படுக்கிற அறையில். அந்த மனுஷன் அப்போதும் எங்களைப் பார்க்கவில்லை, சுவரைத் தடவிக்கொண்டுதான் அழுதார்.